இறையாண்மையும் அடையாளமும்: சென்னை மாநில இடதுசாரி, வலதுசாரி அரசியலில் நாட்டுப்பற்று (1942–1969)

ஆய்வுச் சுருக்கம்

நாட்டுப்பற்றைப் போற்றுவது வலதுசாரி அரசியலின் இயல்பு என்றும், அதனை ஐயத்துடன் நோக்குவது இடதுசாரி அரசியலின் இயல்பு என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. சென்னை மாநிலத்தின் அரசியல் வரலாறு இப்பகுப்பை ஏற்க இடம் தரவில்லை. 1942, 1947, 1962–63 ஆகிய நெருக்கடிக் காலங்களில் இருசாரார் கொண்ட நிலைப்பாடுகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. நாட்டின்மீது எவருக்குப் பற்று மிகுதி என்பதில் அன்று. நாடு எதனால் ஆனது என்பதிலேயே அவர்கள் வேறுபட்டனர் என்பதும், 1963ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் பற்றுறுதியையும் அடையாளத்தையும் வேறுபடுத்தி வைத்தமையால் அவ்வேறுபாடு சட்டத்திற்குள்ளேயே தொடர முடிந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: நாட்டுப்பற்று, தேசிய அடையாளம், இடதுசாரி, வலதுசாரி, பதினாறாம் திருத்தம், சுதந்திராக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, தென்சென்னை

1. முன்னுரை

தமிழகத்தின் இருபதாம் நூற்றாண்டு அரசியலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஓர் இயக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் வளர்ச்சியை விளக்கினர். இராபர்ட் ஹார்ட்கிரேவ் (1965), மார்கரெட் ராஸ் பார்னெட் (1976) ஆகியோரின் நூல்கள் திராவிட இயக்கத்தை மையமாகக் கொண்டவை. ஹோவர்டு எர்ட்மன் (1967) சுதந்திராக் கட்சியை இந்தியப் பழமைவாதத்தின் பின்னணியில் ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் தத்தம் எல்லைக்குள் நிறைவானவை. எனினும், ஒரே காலத்தில் ஒரே கேள்விக்கு இடதுசாரிகளும் வலதுசாரிகளும் அளித்த விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது வெளிப்படும் உண்மைகள் தனித்தனி வரலாறுகளில் மறைந்துவிடுகின்றன.

இங்கு ‘இடதுசாரி’ என்பது பொதுவுடைமை இயக்கத்தைக் குறிக்கிறது. ‘வலதுசாரி’ என்பது இரு போக்குகளைக் குறிக்கிறது. ஒன்று, தனியுடைமையையும் தனிமனித உரிமையையும் முன்னிறுத்திய இராஜாஜியின் பழமைவாதம். மற்றொன்று, வலுவான மைய அரசையும் பண்பாட்டு ஒருமையையும் முன்னிறுத்திய தேசியம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். திராவிட இயக்கம் இடது, வலது என்னும் அளவுகோலுக்குள் எளிதில் அடங்குவதன்று. ஆயினும் மற்ற இருசாராரும் தம் நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்த வேண்டிய கட்டாயத்தை உருவாக்கியது அதுவே ஆதலின், அதுவும் இவ்வாய்வில் இடம்பெறுகிறது.

2. களம்: மந்தைவெளியும் சுற்றுப்புறமும்

ஆய்வுக்களமாக மந்தைவெளியும் அதனை அடுத்துள்ள மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராயநகர்ப் பகுதிகளும் கொள்ளப்படுகின்றன. கால்நடைகள் கூடும் வெளி என்னும் பொருள்தரும் பெயரைக் கொண்ட மந்தைவெளி, மயிலாப்பூரின் தென்புறத்தே அமைந்தது. மயிலாப்பூரின் வழக்கறிஞர் குழாம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாண அரசியலில் பெற்றிருந்த செல்வாக்கு நன்கு அறியப்பட்டது.

அக்குழாமைச் சேர்ந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் காங்கிரசின் மிதவாதி. சி. சுப்பிரமணிய பாரதியோ திலகரைப் பின்பற்றிய தீவிரவாதி. இருந்தும் 1907ஆம் ஆண்டில் பாரதியின் நாட்டுப் பாடல்கள் சிலவற்றைத் தம் செலவில் அச்சிட்டுப் பரப்பியவர் கிருஷ்ணசாமி ஐயரே. அதே ஆண்டின் இறுதியில் சூரத்தில் காங்கிரஸ் இரண்டாகப் பிளவுற்றது. அரசியல் வழிமுறையில் எதிரெதிரே நின்றோர் நாட்டுப்பற்றில் ஒருவரையொருவர் அறிந்து ஏற்றனர் என்பதற்கு இப்பகுதி தரும் தொடக்கச் சான்று இது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்களம் மேலும் விரிந்தது. சர் சி.பி. இராமசாமி ஐயரின் ‘தி குரோவ்’ இல்லம் ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் இருந்தது. இராஜாஜி தியாகராயநகரில் வாழ்ந்தார். பொதுவுடைமைக் கட்சியின் மாநிலத் தலைமையகமும் பின்னாளில் தியாகராயநகரிலேயே அமைந்தது. மயிலாப்பூர் மாங்கொல்லை எல்லாக் கட்சிகளுக்கும் பொதுக்கூட்ட இடமாக விளங்கியது.

தென்சென்னை மக்களவைத் தொகுதியின் தேர்தல் முடிவுகளும் குறிப்பிடத்தக்கவை. 1957இல் காங்கிரசின் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும், 1962இல் தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரனும், 1967இல் சி.என். அண்ணாதுரையும் இங்கு வென்றனர். இவர்களுள் கிருஷ்ணமாச்சாரி தொழில்துறையிலிருந்து வந்தவர், பிரிவினையை ஏற்காதவர். எனினும் 1948 நவம்பரில் அரசியலமைப்பு அவையில் பேசியபோது, இந்தி வற்புறுத்தப்படுமாயின் தென்னகத்தில் பிரிவினை நாட்டமே வலுப்பெறும் என எச்சரித்தவர் அவர். நாட்டின் ஒருமையைக் காக்க விரும்பிய ஒருவரே அவ்வொருமையை ஒரே மொழியால் கட்ட இயலாது என்று கூறியது, பின்வரும் இருபது ஆண்டு விவாதத்தின் முன்னோட்டமாகும்.

3. 1942: ஒரே குற்றச்சாட்டு, இரு தரப்பினர்

1942 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் உறுப்பினர்கள், முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்று உடன்பாடு காண வேண்டும் என்னும் தீர்மானத்தை இராஜாஜியின் முன்முயற்சியால் நிறைவேற்றினர். அகில இந்தியக் காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. இராஜாஜி காங்கிரசை விட்டு விலகினார். அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தையும் அவர் ஆதரிக்கவில்லை.

அதே 1942 செப்டம்பரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, கங்காதர் அதிகாரி வகுத்த கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. இந்தியா பல தேசிய இனங்களைக் கொண்ட நாடு. அவற்றிற்குத் தன்னுரிமை உண்டு என்பது அதன் சாரம். சோவியத் ஒன்றியம் தாக்கப்பட்ட பின்னர் நடந்த போரை மக்கள் போராகக் கருதிய கட்சி, ஆகஸ்டுப் போராட்டத்தை எதிர்த்தது.

இவ்விரு நிலைப்பாடுகளும் வெவ்வேறு காரணங்களிலிருந்து தோன்றியவை. ஆங்கில அரசுடன் பேசி ஆட்சிப் பொறுப்பைப் பெறுவதற்கு இந்து–முஸ்லிம் உடன்பாடு இன்றியமையாதது என்பது இராஜாஜியின் கணக்கு. அவருக்கு அது அரசியல் நடைமுறை. கம்யூனிஸ்ட் கட்சிக்கோ அது தேசிய இனக் கோட்பாட்டின் விளைவு. ஆனால் இருவரும் எதிர்கொண்ட குற்றச்சாட்டு ஒன்றே: நாட்டிற்கு இழைத்த துரோகம். நாட்டுப்பற்றின் எல்லையை அன்று வரையறுத்தது இடதும் அன்று, வலதும் அன்று. பெரும்பான்மை இயக்கம் நடத்திய போராட்டத்தில் ஒருவர் பங்கேற்றாரா என்பதே அளவுகோலாக இருந்தது.

4. 1947: திருவிதாங்கூர் தரும் சான்று

சென்னை மாகாணத்தை ஒட்டிய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நிகழ்வுகள் இவ்விவாதத்தில் தவிர்க்க இயலாதவை. சர் சி.பி. இராமசாமி ஐயர் அங்குத் திவானாக இருந்தார். அவர் முன்வைத்த அரசியலமைப்புத் திட்டத்தை எதிர்த்து 1946 அக்டோபரில் ஆலப்புழை வட்டாரத்துக் கயிற்றுத் தொழிலாளர்கள் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் எழுந்தனர். புன்னப்பிரா–வயலார் எழுச்சி எனப்படும் அது படைவலிமையால் ஒடுக்கப்பட்டது. பலர் உயிரிழந்தனர். 1947 ஜூன் 11 அன்று, ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் எனச் சி.பி. அறிவித்தார். ஜூலை 25 அன்று அவர்மீது கொலை முயற்சி நடந்தது. அதன்பின் சில நாள்களில் மன்னர் இந்திய ஒன்றியத்தில் இணைய இசைந்தார்.

தேசிய இனங்களின் தன்னுரிமையை ஏட்டளவில் ஏற்றிருந்த இடதுசாரிகள், நடைமுறையில் தனித் திருவிதாங்கூரை எதிர்த்தனர். ஒழுங்கையும் மரபையும் போற்றிய பழமைவாதியான திவானே பிரிந்துசெல்லும் உரிமையைப் பேசினார். இதனை முரண்பாடு என்று மட்டும் கூறி விட்டுவிடுவது போதாது. பிரிவினை என்பது யாருக்குப் பயன்தரும் என்னும் கேள்வியை இடதுசாரிகள் முதன்மையாகக் கொண்டனர். மன்னராட்சியின் தனியுரிமை உழைப்போரின் தன்னுரிமை ஆகாது என்பது அவர்தம் வாதம். சி.பி.யோ அரசின் சட்டத் தொடர்ச்சியை முதன்மையாகக் கொண்டார். மேலாண்மை நீங்கினால் இறையாண்மை மன்னருக்கே திரும்பும் என்பது அவர்தம் வாதம். இருவர் பார்வையிலும் நாடு என்பது முன்னரே வரையறுக்கப்பட்ட பொருளாக இல்லை.

1947 ஆகஸ்ட் 15 குறித்தும் சென்னையில் ஒருமித்த கருத்து இல்லை. பெரியார் ஈ.வெ. இராமசாமி அந்நாளைத் துக்க நாள் என அறிவித்தார். அண்ணாதுரை அதனை மறுத்து, அது மகிழ்ச்சிக்குரிய நாள் என எழுதினார். கம்யூனிஸ்ட் கட்சி விடுதலையை வரவேற்றுக் கொண்டாடியது. ஆனால் 1948இல் கல்கத்தாவில் கூடிய அதன் இரண்டாம் மாநாடு, கிடைத்தது உண்மையான விடுதலை அன்று என முடிவு செய்தது. அம்முடிவு கட்சியைத் தடைக்கும் தலைமறைவு வாழ்வுக்கும் இட்டுச்சென்றது. சில ஆண்டுகளில் கட்சியே அதனைத் திருத்திக்கொண்டது. 1952இல் சென்னையின் முதலமைச்சரான இராஜாஜி கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என வெளிப்படையாகக் கூறினார்.

5. 1962: போரும் பிளவும்

1962 தேர்தலில் தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையுடன் போட்டியிட்டுச் சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றது. மே 1 அன்று மாநிலங்களவையில் தம் முதல் உரையை நிகழ்த்திய அண்ணாதுரை, திராவிடர்க்குத் தன்னுரிமை வேண்டும் என வாதிட்டார். அக்டோபர் 20 அன்று சீனப் படையெடுப்புத் தொடங்கியது. அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தி.மு.க. தன் பிரிவினைப் பரப்புரையை நிறுத்திவிட்டு நாட்டின் பாதுகாப்பு முயற்சிகளுக்குத் துணைநின்றது.

இப்போர் இடதுசாரிகளை உள்ளிருந்தே பிளந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழு நவம்பர் முதல் நாளில் சீனத் தாக்குதலைக் கண்டித்து, தாய்நாட்டைக் காக்குமாறு மக்களை அழைத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் அத்தீர்மானத்தின் மொழியையும் பண்டித நேரு அரசின்மீதான அணுகுமுறையையும் ஏற்காதோர் இருந்தனர். பலர் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர். 1964 ஏப்ரலில் தேசியக் குழுவிலிருந்து வெளியேறிய 32 பேருள் பி. இராமமூர்த்தி, எம்.ஆர். வெங்கட்ராமன், என். சங்கரய்யா ஆகிய தமிழகத் தலைவர்களும் அடங்குவர். எல்லைச் சிக்கலுக்குப் பேச்சுவார்த்தையே தீர்வு என்ற கருத்து, போர்க்காலத்தில் பகைவருக்குத் துணைபோவதாகப் பொருள்கொள்ளப்பட்டது. அரசின் கொள்கையை மறுப்பதும் நாட்டை மறுப்பதும் ஒன்றா என்னும் கேள்வி இங்குக் கோட்பாட்டளவில் எழவில்லை, சிறைவாசமாக எழுந்தது.

வலதுசாரிகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1959இல் சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய இராஜாஜி, நேருவின் அணிசேராக் கொள்கையைக் கடுமையாகச் சாடினார். ஆனால் பாகிஸ்தானுடன் இணக்கம் காண வேண்டும் என்பதிலும் காஷ்மீர்ச் சிக்கலுக்குப் பேச்சின் வழியே தீர்வு வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். 1964 மே மாதத்தில் ஷேக் அப்துல்லா சென்னைக்கு வந்து அவரைச் சந்தித்தார். காஷ்மீர் எவ்வகைத் தனிநிலையுமின்றி முழுமையாக இணைய வேண்டும் என்பது பாரதிய ஜனசங்கத்தின் நிலைப்பாடு. ‘வலதுசாரி’ என்னும் ஒரு சொல்லுக்குள் இவ்விரண்டும் அடங்குமாயின், அச்சொல்லைக் கொண்டு நாட்டுப்பற்றின் தன்மையை உணர்த்த இயலாது.

6. பதினாறாம் திருத்தம்: சட்டம் கேட்டதும் கேளாததும்

தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் அமைத்த ‘தேசிய ஒருமைப்பாடும் வட்டாரவாதமும்’ பற்றிய குழுவின் தலைவராகச் சர் சி.பி. இராமசாமி ஐயர் அமர்த்தப்பட்டார். ஒன்றியத்தின் ஒருமையையும் இறையாண்மையையும் காப்பதற்குப் போதிய அதிகாரம் கிடைக்குமாறு அரசியலமைப்பின் 19ஆம் பிரிவைத் திருத்த வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர்த் தனித் திருவிதாங்கூரை அறிவித்தவரே பிரிவினைத் தடைக்கான பரிந்துரையை அளித்த குழுவிற்குத் தலைமையேற்றார். தனிமனிதரின் நிலைமாற்றமாக மட்டும் இதனைக் கருதலாகாது. 1947இல் எல்லைகள் வரையறுக்கப்படாத நிலையில் சட்டப்படி பேசக்கூடியதாக இருந்த ஒன்று, குடியரசு அமைந்தபின் பேசக்கூடாததாக மாறியதையே இது காட்டுகிறது.

திருத்த முன்வரைவு 1963 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதனை மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசிய அண்ணாதுரை, இறையாண்மை என்னும் சொல்லின் பொருளையே வினவினார். அரசியலமைப்பின் முகப்புரைப்படி அரசியல் இறையாண்மை மக்களிடம் உள்ளது. சட்ட இறையாண்மையோ ஒன்றியத்திற்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டுள்ளது என்பது அவர் முன்வைத்த வாதம். முன்வரைவு மே மாதத்தில் இரு அவைகளிலும் நிறைவேறி, அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. தி.மு.க. அவ்வாண்டிலேயே பிரிவினைக் கோரிக்கையை முறையாகக் கைவிட்டது.

சட்டத்தின் அச்சமே இம்மாற்றத்திற்குக் காரணம் என்பர் ஒருசாரார். கால வரிசை அதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. போர்க்கால ஆதரவும் பரப்புரை நிறுத்தமும் முன்வரைவுக்கு முற்பட்டவை. முறையான கைவிடலே அதற்குப் பிற்பட்டது. அதேவேளை, தேர்தலில் நிற்கும் உரிமையை இழக்க நேரும் என்னும் கணிப்பின் பங்கை மறுப்பதற்கும் இல்லை.

இத்திருத்தத்தின் சொற்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. கருத்துரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றின்மீது இந்தியாவின் ‘இறையாண்மை, ஒருமைப்பாடு’ கருதிக் கட்டுப்பாடு விதிக்க இது வழிசெய்தது. வேட்பாளர்களும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டும் என்றது. உரிமைகளைச் சுருக்கிய சட்டம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வுறுதிமொழியில் மொழி, சமயம், பண்பாடு ஆகியன பற்றி ஒரு சொல்லும் இல்லை. உறுதிமொழி ஏற்பவர் தம்மை முதலில் தமிழராகவோ, உழைக்கும் வகுப்பினராகவோ, இந்துவாகவோ, முஸ்லிமாகவோ கருதலாம். ஒன்றியத்தின் எல்லையையும் இறையாண்மையையும் ஏற்றால் போதும். பற்றுறுதியைச் சட்டம் கேட்டது. அடையாளத்தை அது கேட்கவில்லை.

7. மரபும் மொழியும்: வேறுபாடு எங்கே?

இடது, வலது அரசியலின் நிலையான வேறுபாடு எல்லை பற்றிய கேள்வியில் இல்லை எனில், அது எங்கே உள்ளது? இலக்கிய மரபை இருசாரார் கையாண்ட முறை இதற்கு விடை தருகிறது. அண்ணாதுரை ‘கம்பரச’த்தின் வழி கம்பராமாயணத்தைக் கடுமையாகத் திறனாய்ந்த காலத்தில், பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் கம்பனையும் பாரதியையும் மேடைதோறும் எடுத்துப் பேசினார். இராஜாஜி ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எழுதி 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இருவரும் மரபைக் கைவிடவில்லை. ஆனால் ஜீவானந்தம் அதில் கண்டது மக்களின் பொதுமைக் கனவு. இராஜாஜி கண்டது தலைமுறைகளை இணைக்கும் அறநெறி. ஒருவருக்கு மரபு இனிமேல் அமைய வேண்டிய சமூகத்தின் விதை. மற்றவருக்கு ஏற்கெனவே அமைந்துள்ள சமூகத்தின் அடித்தளம்.

மொழிச் சிக்கலிலும் இதே வேறுபாடு தெரிகிறது. 1937–38இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்திய இராஜாஜி, ஐம்பதுகளின் பிற்பகுதியில் இந்தி ஒரே ஆட்சிமொழியாவதை எதிர்த்து, ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்றார். எப்பகுதியினருக்கும் சார்பில்லாத மொழியே ஒன்றியத்தைக் காக்கும் என்பது அவர் கருத்து. பொதுவுடைமையர் அந்தந்த மாநிலத்தில் மக்கள்மொழியே ஆட்சிமொழியாகவும் கல்விமொழியாகவும் வேண்டும் என்றனர். இந்தித் திணிப்பை இருவரும் ஏற்கவில்லை. எனினும் ஒருவர் காக்க முனைந்தது அரசமைப்பின் சமநிலையை, மற்றவர் காக்க முனைந்தது மக்கள்மொழியின் உரிமையை.

8. 1967–1969: ஒரே அணியும் ஒரு பெயரும்

1967 பொதுத் தேர்தலில் தி.மு.க. தலைமையிலான அணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இடம்பெற்றன. ‘முதல் எதிரி’ எனப்பட்டோரும் அவ்வாறு கூறியவரும் ஒரே அணிக்கு வாக்குக் கேட்டனர். தி.மு.க. தனிப்பெரும்பான்மை பெற்றது; சுதந்திராக் கட்சி 20 இடங்களையும் மார்க்சிஸ்ட் கட்சி 11 இடங்களையும் பெற்றன. தமிழரசுக் கழகத்தின் ம.பொ. சிவஞானம் தி.மு.க. சின்னத்தில் தியாகராயநகரில் வென்றார். தமிழ் உணர்வும் இந்திய விடுதலைப் போராட்ட மரபும் தம்முள் முரணானவை அல்ல என வாழ்நாள் முழுவதும் வாதிட்டவர் அவர். காங்கிரஸ் எதிர்ப்பு என்னும் தேர்தல் கணக்கே இவ்வணியை உருவாக்கியது என்பது உண்மை. ஆயினும் பிரிவினைக் கேள்வி தீர்ந்திராவிடில், இராஜாஜி போன்றோர் இவ்வணியில் சேர்ந்திருப்பது அரிது.

மாநிலத்தின் பெயர் மாற்றம் இவ்வரலாற்றின் நிறைவுப் பகுதியாகும். ‘தமிழ்நாடு’ எனப் பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956இல் சங்கரலிங்கனார் 76 நாள்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1961இல் மாநிலங்களவையில் இதற்கான தனிநபர் முன்வரைவைக் கொணர்ந்தவர் மேற்கு வங்கத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. 1963இல் அதன்மீதான விவாதத்தில் அண்ணாதுரை ஆதரித்துப் பேசினார்; முன்வரைவு தோற்றது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இறையாண்மை உறுதிமொழி ஏற்ற உறுப்பினர்களே, அவ்வுறுதிமொழியில் நின்றுகொண்டு, தம் மாநிலத்திற்குத் தம் மொழியின் பெயரைச் சூட்டினர். ‘நாடு’ என்னும் சொல் மாநிலத்தின் பெயரில் அமைந்ததால் ஒன்றியம் குலையவில்லை.

9. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவதாக, நாட்டுப்பற்றின்மை என்னும் குற்றச்சாட்டு ஒரு கொள்கைக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1942இல் அது இராஜாஜிமீதும் கம்யூனிஸ்டுகள்மீதும் ஒருங்கே சுமத்தப்பட்டது. 1962இல் அது கம்யூனிஸ்டுகளுள் ஒரு பகுதியினரைச் சிறைக்கு அனுப்பியது. இரண்டாவதாக, பிரிவினை, ஒருமை ஆகியன குறித்த நிலைப்பாடுகள் சூழலுக்கேற்ப இருசாராரிடமும் மாறின. சர் சி.பி. இராமசாமி ஐயரின் வாழ்வும் பொதுவுடைமைக் கட்சியின் தீர்மானங்களும் இதற்குச் சான்று. மூன்றாவதாக, மாறாமல் நின்ற வேறுபாடு நாட்டின் அடித்தளம் பற்றியது. மொழிவழி மக்களும் உழைப்போரும் இணைந்து உருவாக்கும் நாட்டை இடதுசாரிகள் நேசித்தனர். சட்டமும் மரபும் வழிவழியாகக் காத்துத்தரும் நாட்டைப் பழமைவாதிகள் நேசித்தனர்.

பதினாறாம் திருத்தம் உரிமைகளைச் சுருக்கியதாயினும், அடையாளத்தை வரையறுக்க முற்படவில்லை. அவ்விடைவெளியில்தான் 1967ஆம் ஆண்டின் அணியும் 1969ஆம் ஆண்டின் பெயர் மாற்றமும் நிகழ்ந்தன. ஒன்றியத்தின் இறையாண்மையை ஏற்றுக்கொண்டவரிடம், குறிப்பிட்டதொரு மொழியையோ பண்பாட்டையோ வரலாற்று விளக்கத்தையோ பற்றின் சான்றாகக் காட்டுமாறு கேட்கும்போது, 1963ஆம் ஆண்டின் சட்டம் கேட்டதைவிடக் கூடுதலாகக் கேட்கப்படுகிறது. நாட்டுப்பற்றை அளவிட முனையும் எத்தரப்பாயினும், தான் கேட்பது பற்றுறுதியையா, அடையாளத்தையா என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும் என்பதே சென்னை மாநிலத்தின் இருபத்தேழு ஆண்டுக்கால அனுபவம் உணர்த்தும் பாடமாகும்.